காரம் ஆகாது என்று யாரிடம் சொல்வது

எனக்குக் காரம் ஆகாது. எங்கள் பக்கத்தில் இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. சத்தியவேடு பக்கத்துக்காரன், மிளகாயை அம்மியில் அரைத்துக் களிக்குத் தொட்டுக்கொள்ளும் வீட்டில் பிறந்தவன், இவனுக்குக் காரம் ஆகாதாம் என்று சிரிப்பார்கள். சிரிப்போடு போயிருந்தால் பரவாயில்லை. அப்படிப் போகவில்லை. நினைத்தால் இன்றைக்கும் கோபம் வருகிறது. யார் மேல் என்று கேட்டால், முதலில் என் அண்ணன் மேல், அப்புறம் என் மேல். மற்றவர்களெல்லாம் அதற்குப் பிறகுதான்.

ஒரு வாய் காரம் உள்ளே போனால் முதலில் காது அடைக்கும். உச்சந்தலை வியர்க்கும். பிறகு விக்கல் பிடிக்கும். விக்கல் வந்துவிட்டால் என்னால் ஒரு வார்த்தை பேச முடியாது. கண்ணும் மூக்கும் ஒழுகும். பிடிவாதமாக இன்னும் இரண்டு வாய் தள்ளினால் வாந்தி. சின்ன வயதிலிருந்து இதுதான் கதை. என்னைவிடப் பத்து வயது மூத்த அண்ணன் எனக்குப் பால்வாடி என்று பேர் வைத்தான். ஐந்தாம் வகுப்போடு நான் படிப்பை நிறுத்தியபோது பள்ளிக்கூடம் போயிற்று, அந்தப் பேர் போகவில்லை. வீட்டுக்குள் நிலைத்துவிட்டது.

பதினாறு வயதில் திருப்பதியில் ஒரு ஓட்டலில் தட்டு கழுவப் போனேன். வேலைக்காரர்களுக்குக் கடைசியில் பருப்பு ஊற்றுவார்கள். அதில் மிதக்கும் மிளகாயை ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஓரத்தில் வைப்பேன். ஒருநாள் சமையல்காரர் அதைப் பார்த்துவிட்டு எல்லோரையும் கூப்பிட்டு என் தட்டைக் காட்டினார். மறுநாளிலிருந்து சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்து சாப்பிட்டேன். நான் இயல்பிலேயே கூச்சக்காரன். நாலு பேர் பார்த்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால் அங்கே ஒன்றைக் கற்றுக்கொண்டேன்: காரம் ஆகாது என்பதை யாரிடமும் சொல்லக் கூடாது. அது தப்பான பாடம் என்று தெரிய முப்பது வருஷம் ஆயிற்று.

பக்கத்தில் ஸ்ரீ சிட்டி என்ற தொழிற்பேட்டை வந்தபோது எங்கள் நிலம் கம்பெனிகளுக்குப் போயிற்று. எங்கள் நிலத்தில் கூலிக்கு வந்துகொண்டிருந்த காலனிக்காரர்களும் நாங்களும் ஒரே கான்ட்ராக்டில், ஒரே நீலச் சட்டையில் வேலைக்குப் போக ஆரம்பித்தோம். அண்ணனுக்கு அது தாங்கவில்லை. அவன் வேலைக்கு வரவில்லை. டீக்கடையில் உட்கார்ந்துகொண்டு, பஸ் ஏறப் போகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருப்பான். நிலம் போனபின் அவனிடம் மிச்சம் இருந்தது, தான் ஊர்க்காரன் என்பது ஒன்றுதான். அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

கம்பெனியில் எனக்குப் பேக்கிங்கில் வேலை. அட்டைப் பெட்டிக்கு டேப் ஒட்டி, அடுக்கி, லாரிக்கு ஏற்ற வேண்டும். என் ஜோடி காலனிக்காரன், என்னைவிட இரண்டு வயது சின்னவன். அவன் அப்பா எங்கள் நிலத்தில் களை பறித்தவர். எங்கள் வீட்டுக் கொல்லைப்புறத்தில் நின்று, குனிந்து, இரண்டு கையையும் சேர்த்து ஏந்திக் கஞ்சி வாங்கிக் குடித்ததை நான் பார்த்திருக்கிறேன். மகன் பத்தாவது படித்தவன். நன்றாகப் பேசுவான். சூப்பர்வைசர் என்னைத் திட்டினால் எனக்குப் பதிலாக அவன் வாதாடுவான். லீவு லெட்டர் எழுதிக் கொடுப்பான். பஸ்ஸில் எனக்கு இடம் பிடித்து வைப்பான். எட்டு வருஷம் அந்தக் கம்பெனியில் என் வாய் அவன்தான். வேறு சிநேகிதன் எனக்கு இருந்ததில்லை.

வீட்டுச் சாப்பாட்டைக் கம்பெனிக்குள் விட மாட்டார்கள். கேன்டீனில்தான் சாப்பிட வேண்டும். பீகார், ஒடிசா ஆட்கள் நிறைய இருந்ததால் அங்கே சப்பென்று சமைப்பார்கள். எங்கள் பக்கத்து ஆட்களெல்லாம் உப்பில்லை உறைப்பில்லை என்று திட்டுவார்கள். நான் மட்டும் வயிறு நிறையச் சாப்பிட்டேன். ஆளுக்கு ஒரு கரண்டி ஆவக்காய் ஊறுகாய் வைப்பார்கள். என்னுடையதை அவன் தட்டில் தள்ளிவிட்டு, நீ துன்னு என்பேன். அவன் அதைப் பாசம் என்று நினைத்துக்கொண்டான். நானும் அப்படியே நினைக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அன்றே உண்மையைச் சொல்லியிருந்தால் இந்தக் கதை இல்லை.

அவன் வீடு கட்டினான். ஓட்டு வீட்டை இடித்துவிட்டு இரண்டு அறை, மேலே தளம் போட்ட வீடு. பால் காய்ச்சிய மறுநாள் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கறி விருந்து. ஒரு வாரம் முன்னாலேயே என்னிடம் சொன்னான். எப்போதும் சிரித்துப் பேசுகிறவன் அன்றைக்குச் சிரிக்கவில்லை.

அவன் மாமனார் பங்காருபாளையத்தில் ஒரு மாந்தோப்புக்குக் காவல்காரர். ஊர்க்காரர்களை அறுபது வருஷம் பக்கத்திலிருந்து பார்த்தவர். எங்கள் பக்கத்தில் ஒரு பழக்கம் உண்டு. காலனியில் கல்யாணம் காட்சி என்றால் ஊர்க்காரர்கள் போவார்கள். போகாமல் இருந்தால் தப்பாகிவிடும் என்பது இந்தக் காலத்தில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் சாப்பிட மாட்டார்கள். வாசலில் நாற்காலி போடுவார்கள், மூடி திறக்காத கலர் பாட்டில் கொடுப்பார்கள். மூடி கம்பெனியில் போட்டது, யார் கையும் படாதது. அதைக் குடித்துவிட்டு வந்துவிடுவார்கள். கேட்டால் இன்றைக்குச் சனிக்கிழமை என்பார்கள், மாலை போட்டிருக்கிறேன் என்பார்கள், வயிறு சரியில்லை என்பார்கள்.

"உன் ஊர்க்காரனும் கலர் குடிச்சிட்டுப் போறவன்தான்னு மாமனாரு சொல்லிக்கினு கீறாரு. இல்ல மாமா, என் ஆளு பந்தியில உக்காந்து துன்னுவாருன்னு சொல்லிட்டேன். என் மானம் உன் கையில கீதுண்ணா" என்றான்.

எனக்குக் காரம் ஆகாது தம்பி, மோரும் சோறும் போதும் என்று அப்போது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வரேன்பா என்றேன்.

அந்த ஒரு வாரமும் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை மாதிரி காரம் சாப்பிடப் பழகினேன். கூட்டுக் குடும்பம். அண்ணன் கண்ணில் படாமல் அடுப்பங்கரையில் உட்கார்ந்து, என் மனைவி ஊற்றும் குழம்பைச் சோற்றில் சொட்டுச் சொட்டாகக் கலந்து விழுங்கினேன். முதல் நாள் ஒரு வாயிலேயே விக்கல். "நாப்பத்தஞ்சு வயசுல ஆனா ஆவன்னா கத்துக்கறீங்க" என்று அவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். ஆனால் தினமும் கொஞ்சம் கூட்டிக் கூட்டி ஊற்றினாள். சனிக்கிழமை ராத்திரி மூன்று வாய் விக்கல் இல்லாமல் போயிற்று. மூன்று வாய் குழம்பு, மீதி வெறும் சோறு, இப்படியே ஒரு பந்தியை ஒப்பேற்றிவிடலாம் என்று நினைத்தேன். சுவர்க் கடிகாரம் ஒன்று வாங்கிக்கொண்டு போனேன்.

வாசலில் நாற்காலிகள் போட்டிருந்தன. நான் உட்காரவில்லை. நேரே பந்தியில் போய் உட்கார்ந்தேன். அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே. மாமனார் எனக்கு எதிர் வரிசையில் உட்கார்ந்திருந்தார். ஒல்லியான ஆள். என்னையும் என் இலையையும் மாறி மாறிப் பார்த்தார்.

இலையில் களி உருண்டையும் நாட்டுக்கோழிக் குழம்பும். அங்கேதான் என் கணக்கு தப்பிப் போயிற்று. எங்கள் பக்கத்தில் வேண்டியவர்களுக்குக் குழம்பைக் கலக்கி ஊற்ற மாட்டார்கள். மேலாக மிதக்கிற சிவப்பு எண்ணெயோடு அள்ளி ஊற்றுவார்கள். அதுதான் மரியாதை. சிநேகிதன் மனைவி தானே பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வந்து, மற்றவர்களைத் தாண்டி, முதல் கரண்டியை எனக்கு ஊற்றினாள். இரண்டாவது கரண்டியும் எனக்கே. ஈரல் துண்டு ஒன்றைத் தேடி எடுத்து வைத்தாள். களியைச் சுற்றிச் சிவப்பாகத் தேங்கி நின்றது. வெறும் களியாகப் பிட்டுச் சாப்பிட ஒரு ஓரம்கூட இல்லை.

முதல் வாய் இறங்கிவிட்டது. இரண்டாவது வாயில் காது அடைத்தது. மூன்றாவது வாயை மென்றுகொண்டிருக்கும்போது விக்கல் பிடித்தது. தண்ணீர் குடித்தேன், இன்னும் எரிந்தது. கண்ணில் தண்ணீர் கொட்டியது. பக்கத்து இலைக்காரர்கள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள்.

மாமனார் மெதுவாகச் சொன்னார். "இன்னா சாமி, நம்ம ஊட்டுச் சோறு தொண்டையில எறங்கலயா? டேய், சாமிக்கு ஒரு கலர் ஒடச்சிக் குடுங்கடா."

இளவட்டங்கள் யாரும் இப்போது எங்களைச் சாமி என்று கூப்பிடுவதில்லை. அவர் வேண்டுமென்றேதான் அந்தப் பழைய வார்த்தையை எடுத்தார். எனக்குப் புரிந்தது. பதில் சொல்ல வாயைத் திறந்தால் விக்கல்தான் வந்தது. யாரோ பாட்டிலை நீட்டினார்கள். நான் யோசிக்கவில்லை. நாக்கில் நெருப்பு. வாங்கி மடமடவென்று குடித்தேன். குடித்து முடித்தபோதுதான் எதைக் குடித்தேன் என்பது தெரிந்தது. அதற்குள் வயிறு புரட்டிக்கொண்டு வந்தது. இலையை மடித்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் பின்னால் ஓடி, புதுச் சுவரின் ஓரத்தில் வாந்தி எடுத்தேன். நிமிர்ந்தபோது குழம்புப் பாத்திரத்தோடு அவன் மனைவி நின்றுகொண்டிருந்தாள். உள்ளே போய்விட்டாள்.

அவன் என்னோடு ரோடு வரைக்கும் நடந்து வந்தான். எனக்கு இன்னும் விக்கல் நிற்கவில்லை. சைகை காட்டினேன், தொண்டையைத் தொட்டுக் காட்டினேன். அவன் பார்க்கவில்லை.

"வராமயே இருந்திருக்கலாம்ணா" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பிப் போனான்.

வீட்டுக்கு வந்தால் செய்தி எனக்கு முன்னால் வந்திருந்தது. அண்ணன் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தான். அங்கே போனதற்குத் திட்டப் போகிறான் என்று நினைத்தேன். தோளில் கை போட்டான். என் வாழ்க்கையில் அதற்கு முன்னால் அவன் என் தோளில் கை போட்டதில்லை.

"போனதும் சரிதான், வேலை செய்ற எடம். துன்னாம எழுந்து வந்த பாரு, அதான் நம்ம வளர்ப்பு" என்றான்.

எனக்குக் காரம் ஆகாது என்பது இந்த உலகத்தில் மற்றவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். அவனுக்குத் தெரியும். அதற்குப் பேர் வைத்தவனே அவன். என் உடம்பின் கோளாறை எடுத்துத் தன் சாதிக்கு மெடலாகக் குத்திக்கொண்டான். உள்ளே கூட்டிப்போய், தட்டு வைத்து, தன் கையால் எனக்குத் தயிர்ச் சோறு போட்டான். நான் அதைச் சாப்பிட்டேன். வயிறு எரிந்துகொண்டிருந்தது, சாப்பிட்டேன். இதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறாதது. அந்தத் தட்டைத் தள்ளியிருக்க வேண்டும்.

மறுநாளிலிருந்து டீக்கடையில் அவன் அதைக் கதையாகவே சொல்ல ஆரம்பித்தான். தம்பி இலையைத் தொடவில்லை என்று ஒருநாள். ஒரு வாய் வற்புறுத்தி ஊட்டினார்கள், தம்பி துப்பிவிட்டான் என்று இன்னொரு நாள். கடை கம்பெனி பஸ் நிற்கிற இடத்தில் இருந்தது. காலனி ஆட்களும் அங்கேதான் பஸ்ஸுக்கு நிற்பார்கள். அவர்கள் காதில் விழட்டும் என்றே சொன்னான். நானும் அங்கே நின்றேன், கேட்டேன், தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சிநேகிதன் பஸ்ஸில் கடைசி வரிசைக்குப் போய்விட்டான். கேன்டீனில் வேறு மேஜை. வேலையில் ஜோடி மாற்றிக் கேட்டான், மாற்றிக் கொடுத்தார்கள். எனக்கு வந்த புது ஜோடி ஒடிசாக்காரன், அவன் பேசுவது எனக்குப் புரியாது. சூப்பர்வைசர் திட்டினால் திட்டு வாங்கிக்கொண்டு நின்றேன்.

ஒரு மாதம் கழித்து, கம்பெனி கேட்டில் கார்டு காட்டும் வரிசையில் அவனுக்குப் பின்னால் போய் நின்றேன். எனக்குக் காரம் ஆகாதுப்பா, அதான் அன்னிக்கு, என்று ஒருவழியாகச் சொன்னேன்.

அவன் திரும்பவில்லை. "சனிக்கிழமைன்னு கேட்டுக்கீறேன். மாலைன்னு கேட்டுக்கீறேன். வயித்துவலி கேட்டுக்கீறேன். காரம் ஆவாதுன்னு இப்பதான் கேக்கறேன். புதுசா கீது" என்றான்.

அவன் மேலும் எனக்குக் கோபம் வந்தது. எட்டு வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டவன் என்னை அந்தக் கலர் பாட்டில்காரர்களோடு சேர்த்துவிட்டானே என்று வந்தது. நாலைந்து நாள் அந்தக் கோபத்தோடு திரிந்தேன். பிறகு யோசித்தால், அவன் ஏன் நம்ப வேண்டும் என்று தோன்றியது. எங்கள் ஊரில் அவனிடம் எவன் உண்மையான காரணத்தைச் சொல்லியிருக்கிறான்?

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவன் வீட்டுக்குப் போனேன். யாரும் கூப்பிடவில்லை. காலனித் தெரு முழுக்க வெயிலில் பார்த்துக்கொண்டிருந்தது. அவனும் மனைவியும் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். தங்கச்சி, எனக்கும் சோறு போடும்மா என்றேன். அவள் புருஷனைப் பார்த்தாள். அவன், போடு, துன்னட்டும் என்றான்.

அன்றைக்குக் கருவாட்டுக் குழம்பு. உட்கார்ந்து பிசைந்து சாப்பிட்டேன். இந்த முறை நிறுத்தவில்லை. காது அடைத்தது, விக்கல் வந்தது, மூக்கு ஒழுகிச் சோற்றில் விழுந்தது, துடைத்துக்கொண்டு சாப்பிட்டேன். பயம் இல்லை, கோபம் மட்டும்தான் இருந்தது. இந்தக் கருமம் பிடித்த நாக்கு சாட்சி சொல்லட்டும் என்று திணித்தேன். ஐந்தாவது வாயில் அவள் என் கையைத் தடுத்துத் தட்டைப் பிடுங்கிக்கொண்டாள்.

"யோவ், மூஞ்சியப் பாருய்யா. இந்த மனுசனுக்கு நெஜமாவே ஆவலய்யா" என்றாள்.

அவன் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். அவன் நம்பிவிட்டான் என்று எனக்குத் தெரிந்தது. ஆனால் அவன் முகம் இறங்கவில்லை.

"சரி, ஆவல. எங்கிட்ட அழுது இன்னா பிரயோசனம்? உங்கண்ணன் டீக்கடையில சொன்னது அப்படியே கீது. எம் பொண்டாட்டி சமைச்சத நீ துப்பினேன்னு ஊரே சொல்லிக்கினு கீது. நீ பக்கத்துல நின்னு கேட்டுக்கினுதான கீற? அங்க போய் சொல்லு" என்றான்.

அவள் வெறும் சோறும் நீர்மோரும் கொண்டுவந்து வைத்தாள். விக்கலோடு அதைச் சாப்பிட்டுவிட்டு வந்தேன். காரம் சாப்பிடுவதற்கு ஒரு வாரம் பழகினேனே, டீக்கடையில் பேசுவதற்கு எப்படிப் பழகுவது? அன்று ராத்திரி மனைவியிடம் சொன்னேன். சொல்லிடுங்க, தனியா அடுப்பு வைக்கச் சொன்னா வச்சிக்கலாம் என்றாள். என்னைவிட அவள் தெளிவாக இருந்தாள்.

காலையில் டீக்கடையில் அண்ணன் எப்போதும் உட்காரும் பெஞ்சில் இருந்தான். ஊர்க்காரர்கள் நாலைந்து பேர். ரோட்டோரம் காலனி ஆட்கள், சிநேகிதனும் இருந்தான். கம்பெனி பஸ் இன்னும் வரவில்லை. அண்ணனுக்கு முன்னால் போய் நின்றேன்.

"நேத்து மத்தியானம் காலனியில அவன் ஊட்டுல துன்னேன். அன்னிக்கும் துன்னேன். எனக்குக் காரம் ஆவாது, அதுக்குத்தான் வாந்தி எடுத்தேன். நான் துப்பல. நீ சொல்லிக்கினு கீறது பொய்" என்றேன்.

சத்தமாகத்தான் சொன்னேன் என்று நினைத்தேன். குரல் பாதிதான் வந்திருக்கும். அண்ணன் டீ கிளாஸைக் கீழே வைத்தான்.

"மெதுவாப் பேசு. எல்லாரும் பாக்கறாங்க" என்றான்.

"பாக்கட்டும்" என்று சொல்லி, மறுபடியும் முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டாவது முறை குரல் முழுதாக வந்தது. கடைக்காரர் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டார். அண்ணன் எழுந்தான். இனிமே என் ஊட்டு அடுப்புல உனக்குச் சோறு இல்ல என்று சொல்லிவிட்டு நடந்தான். அவன் முதுகைப் பார்த்தபோது எனக்குப் பாவமாக இருக்கவில்லை. இப்போதும் இல்லை. நிலம் போனது எனக்கும்தான் போயிற்று.

பஸ் வந்தது. எல்லோரும் ஏறினார்கள். நானும் ஏறினேன். கடைசி வரிசையிலிருந்து சிநேகிதன் குரல் வந்தது. பஸ்ஸில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரியே சொன்னான்.

"இத சொல்ல உனக்கு ரெண்டு மாசம் ஆச்சிண்ணா. அதுவரிக்கும் எம் பொண்டாட்டி எங்க தெருவுல தலையக் குனிஞ்சிக்கினு தண்ணி புடிச்சா."

யாரும் சிரிக்கவில்லை. நான் நடுவில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவன் சொன்னது சரி. பின்னால் நடந்து போய், ஆமாம்பா, ரெண்டு மாசம் ஆச்சி, தப்பு என்னுதுதான் என்று அவனிடம் எல்லோர் முன்னாலும் சொன்னேன்.